அறுபதாம் எண் சாலை

சாலையோரத்தில் நிற்கும் எண் பலகை ஒன்றைப் புகைப்படம் எடுத்து, அதை ஆல்பத்தில் ஒட்டி, எடுத்த நாளையும் இடத்தையும் அதன் கீழே எழுதி வைக்கும் மனிதர் ஒருவரைச் சந்தித்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? தபால் தலை சேர்ப்பவரைக் கண்டு நாம் வியப்பதில்லை. பழைய நாணயம் சேர்ப்பவரை மதிக்கக்கூடச் செய்கிறோம். ஆனால் தகரப் பலகையில் எழுதிய எண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

அமெரிக்காவில் இத்தகைய ஆர்வலர்கள் ஏராளம். அவர்கள் இயற்கைக் காட்சிக்காகக் காரை நிறுத்துவதில்லை. பழுதுபட்டு, ஓரம் துருப்பிடித்து, அடுத்த மாதம் கழற்றப்பட இருக்கும் ஒரு பலகைக்காக நிறுத்துகிறார்கள். இவர்களுள் சிலருக்கு இன்னொரு பித்தும் உண்டு: அது கல்லூரிக் கூடைப்பந்து. தம் கல்லூரி அணி வெளியூரில் ஆடும்போது காரில் புறப்பட்டுவிடுவர். போகும் வழியில் பலகை, போய்ச் சேர்ந்த ஊரில் ஆட்டம் என்று ஒரே பயணத்தில் இரண்டு ஆசைகளும் நிறைவேறிவிடும்.

பார்வைக்கு இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆயினும் கென்டக்கி என்ற ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு, அதன் சாலை எண்களையும் கூடைப்பந்து வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாலை எண் என்ற எளிய பொருள் எதற்காகத் தோன்றியது, மக்கள் அதை என்னவாக ஆக்கினார்கள், அது சொல்லாமல் விட்டது எது என்பவை ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

வண்ணக் கோடுகளின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் பெருகின. சாலைகள் அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. எந்தச் சாலை எங்கே போகிறது என்பதை அரசு சொல்லவில்லை. ஊர் வணிகர்களும் கார் உரிமையாளர்களும் சேர்ந்து சங்கங்கள் அமைத்து, சாலைகளுக்குப் பெயர் சூட்டினார்கள். 1913ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை வகுக்கப்பட்ட 'லிங்கன் நெடுஞ்சாலை' இவற்றுள் புகழ்பெற்றது. 1925ஆம் ஆண்டளவில் இப்படிப் பெயர் பெற்ற சாலைகள் 250-க்கு மேல் இருந்தன.

இந்தச் சாலைகளுக்குக் கைகாட்டியாக இருந்தவை தந்திக் கம்பங்கள். ஒவ்வொரு சங்கமும் தனக்குரிய நிறங்களைக் கம்பத்தைச் சுற்றிப் பட்டையாகப் பூசிவைக்கும். ஒரே பாதையில் மூன்று நான்கு சங்கங்களின் சாலைகள் சேர்ந்து போகும் இடங்களும் உண்டு. அங்கே அடியிலிருந்து உச்சி வரை கம்பம் முழுவதும் வண்ணப் பட்டைகளாகவே இருக்கும். புதிதாக அவ்வழி வந்தவர் வண்டியை நிறுத்தி, இறங்கி, கையேட்டைப் புரட்டி, எந்தப் பட்டை தமக்குரியது என்று தேட வேண்டும்! அதைவிட மோசமான குறை ஒன்றும் இருந்தது. சில சங்கங்கள் சந்தா கொடுத்த ஊர்கள் வழியாகச் சாலையைத் திருப்பிவிட்டன. குறுக்கு வழியில் போயிருக்க வேண்டிய பயணி, யாரோ ஒரு கடைக்காரரின் நன்மைக்காகச் சுற்றிப் போனார்.

விஸ்கான்சின் மாநிலம் 1918ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மாற்று கண்டது. தன் சாலைகள் அனைத்துக்கும் எண் கொடுத்து, அவ்வெண்களைச் சாலை நெடுகிலும் பலகையாக நாட்டியது. ஓர் எண்ணுக்கு உறவினர் இல்லை, கட்சி இல்லை, கடை இல்லை. எண்ணை நினைவில் வைப்பதும் எளிது. மற்ற மாநிலங்கள் விரைவிலேயே அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் மாநில எல்லையைத் தாண்டியதும் அதே சாலை வேறு எண் பெற்றது. நாடு முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்ற நிலை வந்தது.

பத்துகளும் ஒன்றுகளும்

1925ஆம் ஆண்டில் மாநிலங்களின் நெடுஞ்சாலைப் பொறியாளர்களும் மைய அரசின் பொதுச் சாலைத் துறையினரும் சேர்ந்த கூட்டுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் எட்வின் ஜேம்ஸ் என்ற பொறியாளர் வகுத்த எண்முறை மிக எளிமையானது. வடக்கு தெற்காகச் செல்லும் சாலைக்கு ஒற்றைப்படை எண்; கிழக்கு மேற்காகச் செல்லும் சாலைக்கு இரட்டைப்படை எண். ஒற்றைப்படை எண்கள் கிழக்குக் கடற்கரையில் 1 என்று தொடங்கி மேற்கே போகப் போகக் கூடும். இரட்டைப்படை எண்கள் வடக்கே 2 என்று தொடங்கித் தெற்கே வர வரக் கூடும். ஆக, சாலையின் எண்ணைப் பார்த்ததுமே அது எந்தத் திசையில் ஓடுகிறது, நாட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை ஊகித்துவிடலாம். (இந்தியாவில் 2010ஆம் ஆண்டில் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் கொடுத்தபோது இதே கொள்கையைத் தலைகீழாகக் கையாண்டார்கள். நம் நாட்டில் வடக்கு தெற்குச் சாலைக்கே இரட்டைப்படை எண். கன்னியாகுமரிக்கு வரும் பழைய 7ஆம் எண் சாலை இப்போது 44 ஆகியிருப்பது இதனால்தான்.)

கண்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும் பெரிய சாலைகளுக்கு 10, 20, 30 என்று பூச்சியத்தில் முடியும் எண்கள் ஒதுக்கப்பட்டன. இங்கேதான் வினை விளைந்தது. எண்ணுக்குக் கட்சி இல்லை என்று சொன்னோம் அல்லவா? பூச்சியத்தில் முடியும் எண் பெரிய சாலையின் அடையாளம் என்று அறிவித்த அன்றே அதற்கும் கட்சி பிறந்துவிட்டது.

ஆளுநர் பீல்ட்ஸ் கேட்ட எண்

அமெரிக்க வரைபடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். 50ஆம் எண் சாலை ஓஹையோ, இந்தியானா மாநிலங்கள் வழியாக மேற்கே போகிறது. 70ஆம் எண் சாலை தெற்கே டென்னசி மாநிலத்தின் வழியாகப் போகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது கென்டக்கி. எண்முறையின்படி 60 அங்கேதானே வரவேண்டும்? ஆனால் முதலில் வெளியான பட்டியலில் 60 என்ற எண் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை குறுக்காக இறங்கும் ஒரு சாலைக்குப் போய்விட்டது. எண்களை வகுத்த குழுவில் ஒக்லகாமாவைச் சேர்ந்த சைரஸ் ஏவரி என்பவர் இருந்தார். அந்தக் குறுக்குச் சாலை அவருடைய டல்சா நகரின் வழியாகச் சென்றது என்பதைச் சொன்னால், மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்வீர்கள்.

கென்டக்கிக்குக் கிடைத்தது 62. பூச்சியத்தில் முடியும் சாலை ஒன்றுகூட அம்மாநிலத்துக்கு இல்லை. அப்போது ஆளுநராக இருந்த வில்லியம் பீல்ட்ஸ் இதை மாநிலத்தின் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு வாஷிங்டன் வரை போனார். பொதுச் சாலைத் துறையின் தலைவர் தாமஸ் மக்டொனால்டு கென்டக்கியின் முறையீட்டில் நியாயம் இருப்பதை உணர்ந்தார். ஆனால் ஏவரியும் அவருடைய நண்பர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. 60 என்ற எண்ணைப் போட்டு மிசௌரி மாநிலம் வரைபடங்களையே அச்சிட்டு முடித்திருந்தது. கடிதங்களும் தந்திகளும் பறந்தன. என் கருத்தில் நியாயம் கென்டக்கியின் பக்கமே இருந்தது. குறுக்குச் சாலைக்குப் பூச்சிய எண் கொடுத்தது எண்முறையையே வளைத்த செயல்.

1926ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஏவரி தம் குழுவினருடன் கூடிப் பேசினார். எவருக்கும் ஒதுக்கப்படாமல் 66 என்ற எண் கிடப்பதை அவருடைய பொறியாளர் ஒருவர் கண்டார். அறுபதுக்குப் பதிலாக அறுபத்தாறை ஏற்றுக்கொள்வதாக அங்கிருந்து தந்தி போயிற்று. அதே ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் எண் பட்டியல் முழுவதும் ஏற்கப்பட்டது. கென்டக்கி கேட்ட 60 அதற்குக் கிடைத்தது.

பின்னர் நடந்தது வேடிக்கை. வேண்டா வெறுப்பாக ஏற்றுக்கொண்ட 66 உலகப் புகழ் பெற்றது. வறட்சியால் நிலமிழந்த உழவர்கள் கலிபோர்னியாவுக்குப் போன வழி அது; நாவலிலும் பாட்டிலும் திரைப்படத்திலும் இடம்பெற்ற வழியும் அதுவே. ஆனால் 1985ஆம் ஆண்டில் அந்த எண் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. போராடிப் பெற்ற 60-க்குப் பாட்டு இல்லை, புகழும் இல்லை. அது மட்டும் இன்றும் வர்ஜீனியாவின் கடற்கரையிலிருந்து அரிசோனா வரை ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுநர் பீல்ட்ஸின் சொந்த ஊரான ஆலிவ் ஹில் வழியாகவும் அது போகிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை!

இன்னொரு ஸ்பிரிங்பீல்டு

66 பிறந்த ஊர் ஸ்பிரிங்பீல்டு. கூடைப்பந்து பிறந்த ஊரின் பெயரும் ஸ்பிரிங்பீல்டுதான். ஆனால் இது மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது. அமெரிக்காவில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால்தான் சாலைக்கு எண் தேவைப்பட்டது போலும்.

1891ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கிருந்த கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், பனியால் வெளியே ஆட முடியாமல் சலித்துப்போயிருந்த மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இவ்விளையாட்டை உருவாக்கினார். பீச் பழக் கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகெங்கும் கூடை 10 அடி உயரத்திலேயே இருப்பதற்குக் காரணம் அந்த மாடிதான். வேறு கணக்கு ஒன்றும் இல்லை. 18 மாணவர்கள் ஒன்பது ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். 13 விதிகள் இருந்தன.

நெய்ஸ்மித் 1898ஆம் ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றது. கான்சாஸ் அணியின் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவ்விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒருவரே! அவருடைய மாணவர் பாக் ஆலன். ஆலனிடம் ஆடியவர் அடால்ப் ரப். இந்த ரப் 1930ஆம் ஆண்டில் லெக்சிங்டன் நகரில் உள்ள கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்து, 1972ஆம் ஆண்டு வரை இருந்து, 876 வெற்றிகள் பெற்றார். 1948, 1949, 1951, 1958 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் கல்லூரிச் சாம்பியன் பட்டம் அவருடைய அணிக்குக் கிடைத்தது.

கென்டக்கி பணக்கார மாநிலம் அன்று. கிழக்கே நிலக்கரிச் சுரங்கங்கள். மற்ற இடங்களில் புகையிலையும் குதிரையும். சின்னஞ்சிறு ஊர்ப் பள்ளிகளில் ஐந்து பையன்கள் இருந்தால் ஓர் அணி ஆயிற்று. ஒரு பந்தும் ஓர் இரும்பு வளையமும் போதும். இந்த விளையாட்டு அங்கே வேர்விட்டதற்கு இதைவிடப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. முதல் நிலைத் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஏதும் இன்று அம்மாநிலத்தில் கிடையாது. மக்களின் அன்பு முழுவதும் கல்லூரி அணிகளுக்கே போகிறது.

நீலமும் சிவப்பும்

60ஆம் எண் சாலையில் கிழக்கிலிருந்து மேற்கே வருவீர்களானால் முதலில் லெக்சிங்டன் வரும். பிறகு தலைநகரமான பிராங்க்போர்ட். பிறகு ஓஹையோ ஆற்றங்கரையில் லூயிவில். லெக்சிங்டனில் உள்ள கென்டக்கி பல்கலைக்கழகத்தின் நிறம் நீலம். லூயிவில் பல்கலைக்கழகத்தின் நிறம் சிவப்பு. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இவ்விரண்டு அணிகளும் பல பத்தாண்டுகள் தம்முள் வழக்கமான போட்டி ஆடவே இல்லை. பெரியவரான நாங்கள் சிறியவரோடு ஆடுவதா என்பது நீலத்தாரின் எண்ணம்.

1983ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் தேசியப் போட்டியின் சுற்று ஒன்றில், டென்னசியின் நாக்ஸ்வில் நகரில், இரண்டும் மோதியே தீர வேண்டிய நிலை வந்தது. அதைக் 'கனவு ஆட்டம்' என்று அழைத்தார்கள். ஆளுநர் ஜான் பிரவுன் ஒரு பாதி நீலமும் மறு பாதி சிவப்புமாகத் தைத்த கோட்டை அணிந்து வந்து உட்கார்ந்தார். 1926-இல் ஓர் ஆளுநர் மாநிலத்தின் மானத்தை ஓர் எண்ணில் கண்டார். 57 ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆளுநர், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதி மாநிலம் பகைத்துக்கொள்ளும் என்று கோட்டையே இரண்டாகப் பிளந்துகொண்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், லூயிவில் 80-க்கு 68 என்று வென்றது. அவ்வாண்டின் இறுதியிலிருந்து இரண்டு அணிகளும் ஆண்டுதோறும் ஆடிவருகின்றன.

இந்த ஆளுநர் பிரவுன் அரசியலுக்கு வருமுன் கோழிக் கறி வாணிகத்தில் பெயர் பெற்றவர். அந்தத் தொழிலை 1964-இல் அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் விற்றவர் கர்னல் சாண்டர்ஸ். கென்டக்கியின் கார்பின் என்ற ஊரில் 25ஆம் எண் சாலையில் சாண்டர்சுக்கு ஓர் உணவகம் இருந்தது. புதிய விரைவுச் சாலை அந்த ஊரை ஒதுக்கிக்கொண்டு போகவிருந்ததால் வாடிக்கையாளர் வரத்து குறைந்துபோக, உணவகத்தை விற்றுவிட்டு, சமையல் முறையைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். ஒரு சாலையின் எண் மாறினால் யார் வாழ்வார், யார் தாழ்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒளி திரும்பும் விதம்

மேற்சொன்ன விரைவுச் சாலைகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1956ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தால் இவை தோன்றின. குறுக்குச் சந்திகளே இல்லாத இச்சாலைகளில் வண்டிகள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகும். நின்று நிதானித்துப் பலகை படிக்க நேரம் இராது. ஆகவே பலகையே ஓர் அறிவியல் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

முதலில் நிறம். கறுப்பா, நீலமா, பச்சையா என்று 1957-58-இல் தகராறு எழுந்தது. மைய நெடுஞ்சாலை நிருவாகி டாலமி நீலமே வேண்டும் என்றார். அவருக்கு நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தது என்பது கூடுதல் செய்தி. மேரிலாந்து மாநிலத்தில் கிரீன்பெல்ட் என்ற ஊரின் அருகே, போக்குவரத்துக்குத் திறக்கப்படாத சாலை ஒன்றில் மூன்று நிறப் பலகைகளையும் நாட்டி, ஓட்டுநர்களை வேகமாக ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பலகையில் எழுதியிருந்தவை உலகில் இல்லாத ஊர்ப் பெயர்கள். 58 விழுக்காட்டினர் பச்சையை விரும்பினர். நீலத்துக்கு 27, கறுப்புக்கு 15. பச்சை வென்றது.

எண்ணுக்குரிய கேடயச் சின்னம் 1957ஆம் ஆண்டில் முடிவாயிற்று. மேலே சிவப்புப் பட்டை, கீழே நீலம், நடுவே வெள்ளை எண். தேசியக் கொடியின் நிறங்கள் அவை. லெக்சிங்டனையும் லூயிவிலையும் இன்று இணைக்கும் விரைவுச் சாலை 64ஆம் எண் சாலை. அதன் கேடயத்தில் சிவப்பும் நீலமும் ஒருங்கே இருப்பதைப் பார்த்தால் ஆளுநர் பிரவுனின் கோட்டு நினைவுக்கு வரும். இது தற்செயல், ஆனாலும் படமெடுப்பவர் விடுவாரா?

இரவில் இப்பலகைகள் ஒளிர்வது எப்படி? அவற்றுக்குள் விளக்கு இல்லை. சாதாரண வெள்ளைத் தாளின் மேல் ஒளி பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும். கண்ணாடியின் மேல் சாய்வாகப் பட்டால் எதிர்ப்பக்கம் போய்விடும். பலகையின் மேல் ஒட்டியுள்ள படலமோ ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. அதில் மணலினும் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிக்கப்பட்டுள்ளன. மணிக்குள் நுழையும் கதிர் வளைந்து, பின்புறத்தில் குவிந்து, அங்கே எதிரொளிக்கப்பட்டு, மீண்டும் வளைந்து, வந்த திசைக்கே திரும்புகிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுவதும் ஏறத்தாழ இவ்வாறே. பிற்காலப் படலங்களில் மணிகளுக்குப் பதிலாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கொண்ட நுண்ணிய பட்டகங்கள் உள்ளன. சுவரும் சுவரும் தரையும் கூடும் அறை மூலையில் ஒரு ரப்பர் பந்தை எறிந்து பாருங்கள். அது பெரும்பாலும் உங்களிடமே திரும்பி வரும். தத்துவம் அதுவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒளி துல்லியமாக வந்த வழியே திரும்பினால் வண்டியின் முகப்பு விளக்குக்கே போய்ச் சேரும். ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாது. கண் விளக்குக்குச் சற்று மேலே இருக்கிறது அல்லவா? ஆகவே திரும்பும் ஒளி ஒரு குறுகிய கூம்பாக விரியும்படி படலத்தைச் செய்கிறார்கள். இதே காரணத்தால், இரவில் ஃபிளாஷ் போட்டுப் பலகையைப் படமெடுத்தால் எண் தெரியாது. ஃபிளாஷின் ஒளி அப்படியே கேமராவுக்குத் திரும்பி, பலகை வெள்ளைத் திட்டாக விழும், சுற்றிலும் கும்மிருட்டு. பலகைப் படங்களைப் பகலில், கதிரவனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பதே முறை.

பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் அதன் வயதை நீங்களே ஓரளவு கணிக்கலாம். கேடய வடிவிலேயே வெட்டப்பட்ட தகடு, அதன் தலையில் மாநிலத்தின் பெயர் என்றிருந்தால் அது முதல் தலைமுறைப் பலகை. 1961ஆம் ஆண்டு விதிகள் மாநிலப் பெயரை விலக்கின. கறுப்புச் சதுரத்தின் நடுவே வெள்ளைக் கேடயம் இருந்தால் அது 1970-க்குப் பிற்பட்டது. கலிபோர்னியா மட்டும் இன்றும் கேடய வடிவில் வெட்டிய பலகையையே வைத்திருக்கிறது. எழுத்துக்களில் வரிசையாகப் பொத்தான் போன்ற எதிரொளிப்பான்கள் பதித்த பெரும் பலகைகள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்டன. நெடுஞ்சாலைத் துறைகள் புதிய பலகையை நாட்டியதும் பழையதை உருக்கவோ விற்கவோ அனுப்பிவிடும். அதன் உருவத்தைப் பத்திரப்படுத்துவது அவர்கள் வேலையன்று. 1950களில் ஒரு சந்தியில் எந்தப் பலகை நின்றது என்பதற்கு, பல இடங்களில், இந்த ஆர்வலர்களின் படங்களே சான்று.

எவரும் படமெடுக்காத பலகைகள்

எண் பலகை எல்லாருக்கும் ஒரே வழியைத்தான் காட்டியது. ஆனால் அவ்வழியே போய்ச் சேர்ந்த ஊர் எல்லாரையும் ஒன்றுபோல் வரவேற்கவில்லை. அமெரிக்காவின் பல ஊர்களின் எல்லையில் வேறொரு பலகையும் இருந்தது. கறுப்பின மக்கள் சூரியன் மறைவதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய ஊர்கள் தென் மாநிலங்களில் மட்டும் இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். வடக்கிலும் நடுப்பகுதியிலும் ஏராளமாக இருந்தன. சொந்தக் கார் இருந்தும் எங்கே இரவு தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எந்த உணவகத்தில் உட்காரலாம் என்று தெரியாமல் கறுப்பினக் குடும்பங்கள் தவித்தன. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த விக்டர் கிரீன் என்ற தபால்காரர், அவர்களை ஏற்கும் விடுதிகளையும் வீடுகளையும் தொகுத்து 1936ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளியிட்டார். முப்பது ஆண்டுகள் அது தொடர்ந்து தேவைப்பட்டது.

எண் பலகைகளுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. ஊரெல்லைப் பலகைகளுக்கோ மிகச் சில படங்களே உண்டு. அவற்றை நாட்டியவர்கள் பின்னர் நினைவுகூர விரும்பவில்லை. அவற்றால் விரட்டப்பட்டவர்கள் அங்கே நின்று படமெடுக்கும் நிலையில் இல்லை. ஆல்பங்களைப் புரட்டும்போது இந்த வெற்றிடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கென்டக்கியிலும் நிலைமை இதுவே. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கல்லூரியில் படிப்பதை 1904ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்திருந்தது. லூயிவில் நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த லைமன் ஜான்சன் லெக்சிங்டன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தார்; மறுத்தார்கள்; வழக்குத் தொடுத்து 1949ஆம் ஆண்டில் வென்றார். அவ்வாண்டுக் கோடையில் கறுப்பின மாணவர்கள் முதன்முறையாக அவ்வளாகத்தில் நுழைந்தார்கள். வகுப்பறைக் கதவு திறந்தது. ஆனால் ஆடுகளத்தின் கதவு திறக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. லூயிவில் பல்கலைக்கழகம் இதில் முந்திக்கொண்டது. அந்நகரத்தின் மைந்தரும் கறுப்பின வீரருமான வெஸ் அன்செல்டு 1965 முதல் 1968 வரை சிவப்புச் சட்டையில் ஆடிப் பெரும்பெயர் பெற்றார். இரு அணிகளுக்கும் இடையே நிலவிய கசப்பில் நிறவேறுபாட்டின் கதையும் கலந்திருந்தது என்பதை இதனால் உணரலாம்.

1966ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், மேரிலாந்தின் காலேஜ் பார்க் நகரில் சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். (பச்சைப் பலகைக்கு வாக்களித்த கிரீன்பெல்ட் அதற்கு அண்டை ஊர்.) ஒரு பக்கம் அடால்ப் ரப்பின் கென்டக்கி அணி, அனைவரும் வெள்ளையர். மறு பக்கம் டெக்சாசின் எல் பாசோ நகரிலிருந்து வந்த டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி அணி. அதன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்கத்தில் இறக்கினார். அன்று அந்த அணிக்காக ஆடிய எழுவரும் கறுப்பினத்தவரே. இறுதி ஆட்டத்தில் இப்படி ஓர் அணி தொடங்கியது அதுவே முதன்முறை. பதற்றமான சூழ்நிலையில் அவர்கள் நிதானமாக ஆடினர். முடிவு 72-க்கு 65. வென்றது எல் பாசோ. ரப் தம் அணிக்குக் கறுப்பின வீரர் ஒருவரைச் சேர்த்தது 1969ஆம் ஆண்டில்தான்.

ஒரே கம்பத்தில்

கென்டக்கி வேண்டாம் என்று தள்ளிய 62 என்ற எண் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பின்னர் வேறொரு சாலைக்குக் கொடுத்தார்கள். அது மெல்ல மெல்ல இரண்டு பக்கமும் நீண்டது. இன்று அது நியூயார்க் மாநிலத்தின் நயாகரா அருவி நகரில் தொடங்குகிறது. மறு முனை எங்கே தெரியுமா? மெக்சிகோ எல்லையில், எல் பாசோவில். நடுவில் பார்ட்ஸ்டவுன், எலிசபெத்டவுன், பதுக்கா என்று கென்டக்கியை நெடுகக் கடந்தும் போகிறது.

அம்மாநிலத்தின் மேற்குக் கோடியில் விக்லிப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஓஹையோ ஆற்றைக் கடந்து இலினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரை நோக்கிப் போகும் பாலத்தில் 60-உம் 62-உம் ஒன்றாகச் செல்கின்றன. 51ஆம் எண் சாலையும் அவற்றோடு சேர்ந்துகொள்கிறது. அந்தப் பக்கம் போகும் பலகை ஆர்வலர் யாரும் காரை நிறுத்தாமல் போவதில்லை. போராடிப் பெற்ற எண்ணும் மறுத்துத் தள்ளிய எண்ணும் அடுத்தடுத்து ஒரே கம்பத்தில் இருக்கின்றன. வெள்ளைக் கேடயத்தில் கறுப்பு எண்கள். இரண்டும் ஒரே அளவு.